ஆவுடையப்பன் கழுவிய தண்ணீர்

ஆவுடையப்பனின் நெஞ்சில் தைத்து வைத்திருந்த பேட்டரியை டாக்டர் முதல்முதலாக முடுக்கிவிட்டு அவரை ஊருக்கு ரயிலேற்றிய மறுநாள் காலை, செவல்மேட்டுத் தெருவில் அவர் வீட்டு வாஷ்பேசினில், மகள் பிறந்த நாள்முதலாக அவர் கைகழுவிய தண்ணீரெல்லாம் திரும்பி வரத் தொடங்கியது. குழாய் வழியாக அல்ல. எங்கள் தெருவில் குழாயைத் திறந்தால் காற்றுதான் வரும். போன வழியாகவே, அடியிலிருந்த சல்லடைத் துளைகள் வழியாக, பால் பொங்குவதுபோல மெதுவாகப் பொங்கி, தெளிவாக, சிவப்புச் சோப்பு வாசனையோடு வந்தது. அவர் மனைவி சண்முகக்கனி கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, தண்ணீரைக் கண்டால் கரிசல்காட்டுப் பெண் எதைச் செய்வாளோ அதைச் செய்தாள். குடத்தை எடுத்துவந்தாள்.

ஆவுடையப்பன் மின்வாரிய ஆபீசில் பில் பணம் வாங்கும் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர். மகள் தாரணி பிறந்த வாரத்தில் அவருக்கு ஒரு நினைப்பு வந்தது: தன் கையில் ஏதோ ஒட்டியிருக்கிறது, அது பிள்ளைமேல் பட்டால் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடும். அது பொய் என்று எங்களுக்குத் தெரிவதற்கு முன்பே அவருக்குத் தெரியும். தெரிந்து என்ன, கை தானாகப் போய்க் குழாயைத் திறக்கும். கழுவி முடித்ததும் குழாயைத் தொட்டு மூட வேண்டியிருந்ததால் மறுபடியும் கழுவ வேண்டியிருந்தது. பத்து நாளைக்கு ஒருமுறை நகராட்சித் தண்ணீரும் இடையில் எப்போதாவது தண்ணீர் லாரியும் வருகிற தெருவில், ஒரு மனிதர் காலையிலிருந்து மதியம்வரை கைகழுவினால் அக்கம்பக்கத்தார் என்ன பேசுவார்களோ அதையெல்லாம் நாங்கள் பேசினோம். கிரகம் என்றோம். கொழுப்பு என்றோம். எங்கள் தொட்டியைக் காலி பண்ணவே பிறந்தவர் என்றோம். ஆளுக்கொரு வைத்தியம் சொன்னோம், ஒருவரும் ஒரு குடம் தண்ணீர் கொடுக்கவில்லை.

மாத்திரைகள் வருஷக்கணக்கில் தின்றார், கேட்கவில்லை. மதுரையில் ஒரு டாக்டரம்மா, கதவுத் தாழ்ப்பாளைத் தொட்டுவிட்டுக் கழுவாமல் உட்கார்ந்து பழகச் சொன்னார். உட்கார்ந்தார். சட்டை முழுக்க வேர்த்து நனைந்தது. வீட்டுக்கு வந்து அந்த வேர்வையையும் சேர்த்துக் கழுவினார். கடைசியில், எந்த மருந்துக்கும் மசியாதவர்களுக்குச் செய்கிற ஆபரேஷன் என்று சென்னையில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். மண்டையில் இரண்டு துளை போட்டு, மெல்லிசான இரண்டு கம்பிகளை மூளையின் ஆழத்தில் இறக்கி, கழுத்துத் தோலுக்கு அடியில் வயரை இழுத்துக் காரை எலும்புக்குக் கீழே தீப்பெட்டி அளவில் ஒரு பேட்டரியோடு சேர்த்துத் தைத்துவிட்டார்கள். ஆன் பண்ணவும் ஆஃப் பண்ணவும் கையில் ஒரு ரிமோட்டும் கொடுத்தார்கள். "ஊருக்கெல்லாம் கரண்ட்டக் கட் பண்ணுன மனுசன், இப்ப அவருக்கே உள்ள கனெக்சன் குடுத்துட்டாக" என்று, எங்கள் தெரு நலச்சங்கத் தலைவரும் பைப்புக் கடைக்காரருமான பெத்துராஜ் டீக்கடையில் சொன்னபோது நாங்கள் எல்லோரும் சிரித்தோம். இந்தக் கதையில் நாங்கள் செய்த மற்ற காரியங்களோடு ஒப்பிட்டால் அந்தச் சிரிப்பு ஒன்றுமேயில்லை.

முதல் குடத்தைச் சண்முகக்கனி மறைத்துத்தான் வைத்தாள். ஆனால் எங்கள் தெருவில் ஒரு வீட்டில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டால் நான்கு வீடு தள்ளி இருப்பவருக்குத் தூக்கம் கலையும். இட்லி வியாபாரம் பார்க்கும் பொன்னுத்தாய் அக்காதான் முதலில் வந்தாள். வாஷ்பேசினைப் பார்த்தாள், குனிந்து மோந்தாள்.

"ஏ கனி, இது உன் வீட்டுக்காரரு கழுவுனதுல்ல?"

"ஆமாக்கா."

"அழுக்கா இருக்குமோ?"

"அவுக கழுவுன கையில அழுக்கு எங்கக்கா இருந்துச்சு?"

பொன்னுத்தாய் அக்கா யோசித்தாள். உலகத்திலேயே சுத்தமான கையைக் கழுவிய தண்ணீர் அது. பத்து மணிக்குள் குடங்கள் வாசல்வரை வந்துவிட்டன. மறுநாள் பெத்துராஜ் தன் கடையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பைப்பைக் கொண்டுவந்து வாஷ்பேசினிலிருந்து ஜன்னல் வழியாகத் தெருவுக்கு இழுத்து, வெளியே ஒரு திருகு குழாய் வைத்தார்; அங்கே கூட்டமென்றால் உள்ளே போய்ப் பேசினிலேயே பிடித்துக்கொண்டோம். வாஷ்பேசினின் நெற்றியில் சிவப்புப் பெயின்ட்டில் "உபயம்: பெத்துராஜ் ஹார்டுவேர்ஸ்" என்று எழுதவும் செய்தார். வெள்ளிக்கிழமை யாரோ அதற்குச் சந்தனம் வைத்துக் குங்குமம் இட்டார்கள். பேசினுக்குச் சொந்தக்காரர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். குடம் தூக்கிப் போகிறவர்கள் அவரைத் தாண்டும்போது, சாமி பக்கத்தில் நிற்கும் பூசாரியைப் பார்ப்பதுபோல ஒருமுறை பார்த்துவிட்டுப் போனோம்.

அது எந்த நாளின் தண்ணீர் என்பதையும் பொன்னுத்தாய் அக்காதான் கண்டுபிடித்தாள். ஒருநாள் காலையில் தண்ணீரில் வெடிமருந்தும் நல்லெண்ணெயும் மணத்தது. போன தீபாவளிக்கு ஆவுடையப்பன் மத்தாப்புப் பெட்டியைத் தொட்டுவிட்டு இருட்டும்வரை கழுவியது எல்லோருக்கும் நினைவிருந்தது. அதற்குப் பிறகு புதுப் புத்தகத்தின் பசை வாசனையோடு பள்ளிக்கூடம் திறந்த நாள் வந்தது, அதற்குப் பிறகு மாமனார் செத்த நாள் வந்தது. தண்ணீர் பின்னோக்கி வந்துகொண்டிருந்தது. மாதம் ஒருமுறை அவர் சென்னைக்குப் போவார், டாக்டர் கரண்ட்டைக் கொஞ்சம் கூட்டி அனுப்புவார். ஒருமுறை கூட்டியபோது காரணமில்லாமல் சிரித்துக்கொண்டே இருந்தார் என்று கொஞ்சம் குறைத்தும் அனுப்பினார்கள். கூட்டக் கூட்ட அவருடைய கை மடியில் சும்மா கிடக்கப் பழகியது, தண்ணீரும் வேகமாக வந்தது. அதனால் அவர் ரயிலிறங்கும் நாளில் தெருவே ஸ்டேஷனுக்குப் போனது. "உடம்பு எப்படிண்ணே இருக்கு" என்று கேட்க வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் வாயில் வந்தது, "எவ்வளவுண்ணே கூட்டுனாக?"

தண்ணீர் விஷயத்தை டாக்டரிடமும் சொல்லியிருக்கிறார். டாக்டர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, இது பக்கவிளைவுகளில் சேராது, இருந்தாலும் அடுத்த முறை வரும்போது பார்க்கலாம் என்று சொன்னாராம்.

கொரோனா வருஷத்துத் தண்ணீர் வந்த வாரங்களில் தெரு திருவிழாக் கண்டது. அந்த ஒரு வருஷம்தான் அரசாங்கமே எல்லோரையும் ஆவுடையப்பனாக இருக்கச் சொன்னது. விரலிடுக்கில் எப்படித் தேய்ப்பது, நகத்தின் அடியில் எப்படி என்று நாங்கள் அவரிடம்தான் போய்க் கற்றுக்கொண்டோம், அந்த வருஷம் அவரை ஒருவரும் பைத்தியம் என்று சொல்லவில்லை. அந்தத் தண்ணீர் ஆஸ்பத்திரி மணத்தோடு இரவும் பகலும் வந்தது. மொட்டைமாடித் தொட்டிகள் நிறைந்தன, அண்டாக்கள் நிறைந்தன. எங்கள் தெருவில் முதல்முறையாக ஒருவர் வாசலில் ரோஜாச் செடி வைத்தார். பொன்னுத்தாய் அக்காவின் இட்லி மட்டும் லேசாக நுரைத்தது. வாடிக்கைக்காரர்கள் மிருது என்று பாராட்டினார்கள்.

ஒரு குறை இருந்தது. அந்தத் தண்ணீரில் குளித்தால், அன்று மதியம்வரை ஏதோ தப்புச் செய்துவிட்டதுபோல ஒரு நினைப்பு இருக்கும். சோப்பு எதையெல்லாம் கரைக்கும் என்று யார் கண்டது. என்ன தப்பு என்று தெரியாது, யாரிடம் கேட்பது என்றும் தெரியாது, ஆனால் தொண்டைக்குக் கீழே ஒரு இடத்தில் அது உட்கார்ந்திருக்கும். பெத்துராஜ் பழைய வாடிக்கைக்காரர்களைத் தேடிப்போய், அளவு குறைத்து மிச்சம் பிடித்த பைப்புத் துண்டுகளைக் கொடுத்துவிட்டு வந்தார். ஒரு அண்ணனும் தம்பியும் சண்டைபோட்டு நடுவில் எழுப்பிய சுவரை இடித்தார்கள். பக்கத்து வீட்டுக் கறிவேப்பிலையைக் கேட்காமல் பறித்ததை ஒரு ஆசிரியை பள்ளிக்கூடப் பிரேயரில் முன்னால் போய் நின்று சொன்னார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்த நினைப்பு போய்விடும், நாங்கள் பழையபடி ஆகிவிடுவோம். ஒரு நாள் காலையிலிருந்து மதியம்வரை எங்களால் தாங்க முடியாததை அந்த மனிதர் இத்தனை வருஷம் தூக்கிக்கொண்டு ஆபீசுக்குப் போய்வந்தார் என்று எங்களில் யாருக்காவது தோன்றியிருக்கலாம். தோன்றியதாக யாரும் சொல்லவில்லை.

ஆவுடையப்பன் நன்றாகத்தான் இருந்தார். தாழ்ப்பாளைத் தொட்டார், செருப்பைத் தொட்டார், பேப்பர்காரனிடம் சில்லறை வாங்கிச் சட்டைப்பையில் போட்டார். நோய் அவரைவிட்டுப் போனது, வீட்டைவிட்டுப் போகவில்லை. சண்முகக்கனி இன்னும் முழங்கையால்தான் கதவைத் திறந்தாள், முழங்கையாலேயே விளக்கைப் போட்டாள். கூடத்தில் பதித்திருந்த கற்களில் ஒன்று விரிசல் விட்டிருக்கும். அதைத் தாண்டி அப்பா பக்கம் போகக்கூடாது என்பது தாரணி நடக்கப் பழகியபோதே பழகிய சட்டம். இப்போது அப்படி எந்தச் சட்டமும் இல்லை என்று மூன்று பேருக்கும் தெரியும். ஆனாலும் அவள் பள்ளிக்கூடத்திலிருந்து ஓடிவந்து, விரிசல் கல்லில் நின்று, அங்கிருந்தபடியே மார்க்கைச் சொல்லுவாள். அவர் நாற்காலியிலிருந்தபடியே நல்லதும்மா என்பார். கூப்பிட்டால் வந்துவிடுவாள். ஆனால் கூப்பிட்டு வருவது வேறு என்று அவர் நினைத்திருக்க வேண்டும். தண்ணீர் பிடிக்கப் போகிற எல்லோரும் அந்தக் கல்லை மிதித்துத்தான் போனோம். கீழே பார்க்கவில்லை.

சித்திரையில் தண்ணீர் குறைந்தது. ஆவுடையப்பனின் நோய் இளசாக இருந்த காலம் வந்துகொண்டிருந்தது. அப்போதெல்லாம் அவர் எங்களைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கழுவியவர்தான். குடம் நிறையும் நேரத்தில் ஒரு சண்டையைத் தொடங்கி முடிக்க முடிந்தது. சங்கத்தைக் கூட்டினோம். அந்தக் கூட்டத்தில்தான் பெத்துராஜ் அந்த யோசனையைச் சொன்னார், நாங்கள் எல்லோரும் கையைத் தூக்கினோம். யோசனை இதுதான்: ரிமோட்டை எடுத்து ஒரு மூன்று மாசம் அவரை ஆஃப் பண்ணி வைப்பது. அவர் பழையபடி கழுவுவார். பிறகு ஆன் பண்ணினால் கழுவியதெல்லாம் திரும்பி வரும்.

"பேங்க்ல போட்டு வைக்கிற மாதிரி" என்றார் பெத்துராஜ்.

"அவருக்குக் கஷ்டமா இருக்காதா?" என்று யாரோ கேட்டார்கள்.

"பழகுன கஷ்டந்தான. புதுசாவா குடுக்கோம்?"

மறுநாள் காலை அவர் வீட்டுக்குப் போனோம். அன்று நாங்கள் ஒருவரும் குளிக்கவில்லை. யாரும் யாரிடமும் சொல்லி வைத்துக்கொள்ளவில்லை, ஆனாலும் அத்தனை பேரும் முந்தின நாள் தலையோடுதான் வந்திருந்தோம். குளித்திருந்தால் அந்தக் கூடத்தில் நின்று அதைக் கேட்டிருக்க முடியாது. அந்த அளவுக்கு எங்களுக்கு எங்களைப் பற்றித் தெரியும். குடங்களையும் கொண்டுபோயிருந்தோம். போகிற போக்கில் பிடித்துக்கொண்டு வரலாமே.

பெத்துராஜ் தொண்டையைச் செருமிவிட்டு எல்லாவற்றையும் சொன்னார். ஆவுடையப்பன் பேப்பரை மடித்து வைத்தார். அடுப்படி வாசலில் நின்ற சண்முகக்கனிதான் முதலில் பேசினாள்.

"அவுக கழுவுறதுக்குத் தண்ணி?"

"லாரித் தண்ணி அடிச்சுத் தாரோம் மதினி. சங்கத்துல பேசியாச்சு."

"அந்த லாரித் தண்ணிய நேரா உங்க குடத்துல பிடிச்சுக்கிட்டா என்ன?"

கூடத்தில் பட்டதாரிகள் இருந்தோம், ஒரு ஓய்வுபெற்ற தாசில்தார் இருந்தார். ஒருவருக்கும் அது தோன்றியிருக்கவில்லை. பெத்துராஜ் மேலே ஓடிய ஃபேனைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"சோப்பு வாசனை இருக்காதே மதினி."

சண்முகக்கனி சிரிக்கவில்லை. "அண்ணே, அவுக மண்டையில துளை போடுறப்போ அவுக முழிச்சுக்கிட்டு இருந்தாக. டாக்டரு பேச்சுக் குடுத்துக்கிட்டே போட்டாக. நான் வெளிய பெஞ்சில இருந்தேன். உங்க தெருவுல இருந்து ஒரு போன் வரல. இப்ப இத்தன பேரு வந்திருக்கீக."

இதோடு நாங்கள் திரும்பிப் போயிருக்க வேண்டும். போகாமலிருந்ததற்குக் காரணம் ஆவுடையப்பன்தான். அவர் எழுந்துபோய் டிவிக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருந்த ரிமோட்டை எடுத்தார்.

"அவுக கேக்குறதுலயும் நியாயம் இருக்கு கனி. அது தெருத் தண்ணி. நாந்தான கொட்டுனேன்."

கம்பியும் பேட்டரியும் போய்ச் சேராத ஏதோ ஒரு மூலையில் அது மிச்சமிருந்தது. உலகத்தில் எது குறைந்தாலும் அதற்குத் தானே காரணம் என்கிற அந்தப் பழைய நினைப்பு. அதை நம்பித்தான் நாங்கள் வந்திருந்தோம் என்பதை இப்போது சொல்லிவிடுவதில் நஷ்டமில்லை. அவர் கட்டைவிரல் பட்டனைத் தேடியது. சண்முகக்கனி கண்ணை மூடிக்கொண்டாள்.

"ப்பா."

தாரணி விரிசல் கல்லில் நின்றுகொண்டிருந்தாள். பள்ளிக்கூடச் சீருடையில், ஒரு பக்கம் மட்டும் சடை போட்டு, மறுபக்கத்து ரிப்பனைக் கையில் பிடித்திருந்தாள். அவள் குரலில் அழுகையோ கோபமோ இல்லை. டைம்டேபிள் கேட்கிறவள்போலக் கேட்டாள்.

"ஆஃப் பண்ணுனா நான் இங்கயே நிக்கணுமா, இன்னும் பின்னால போகணுமா?"

அவர் அவளைப் பார்த்தார். பிறகு கல்லைப் பார்த்தார்.

"எடத்தச் சொல்லிட்டு ஆஃப் பண்ணுப்பா. இல்லேன்னா அப்புறம் கத்துவ."

"இப்ப ஏம்மா அங்க நிக்கிற?" என்று கேட்டார் ஆவுடையப்பன். "இப்ப நான் ஒண்ணும் சொல்லலியே."

தாரணி கீழே குனிந்து கல்லைப் பார்த்தாள், தான் அங்கே நிற்பது தனக்கே அப்போதுதான் தெரிந்ததுபோல. "தெரியலப்பா" என்றாள். "கால் நின்னுக்கிடுது."

கால் நின்றுகொள்கிறது என்பது என்னவென்று அந்தக் கூடத்தில் நன்றாகத் தெரிந்த ஒரே மனிதர் அவர்தான். ரிமோட்டில் இருந்த விரல் அசையாமல் நின்றது.

அப்போது வாஷ்பேசினில் தொண்டை கரகரப்பதுபோல ஒரு சத்தம் கேட்டது. எங்கள் கழுத்துகள் எல்லாம் சேர்ந்து திரும்பின. சல்லடைத் துளைகள் வழியாகக் கொஞ்சம் தண்ணீர் மேலே வந்தது. குடத்துக்குப் போதாது, ஒரு சொம்புக்குக்கூடப் போதாது. சிவப்புச் சோப்பு வாசனை அதில் இல்லை. ரோஸ் சோப்பும் பிள்ளைப் பவுடரும் மணத்தன. சண்முகக்கனி மோந்துவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டாள். அரசாங்க ஆஸ்பத்திரி வராந்தாக் குழாயில், நர்ஸ் கையிலிருந்து பிள்ளையை வாங்குவதற்கு முன்னால், எந்தத் தகப்பனும் கழுவுவதுபோல ஆவுடையப்பன் ஒரே ஒருமுறை கழுவிய தண்ணீர் அது. கழுவிவிட்டுப் பிள்ளையை வாங்கினார். அன்று ஒருநாள் வாங்கியதுதான்.

அதற்குப் பின்னால் வருவதற்குத் தண்ணீர் இல்லை என்று எங்களுக்குப் புரிந்தது. அப்படிப் புரிந்த பிறகும் பெத்துராஜின் கால் தானாகக் குடத்தை முன்னால் தள்ளியது. பொன்னுத்தாய் அக்கா அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். மேலே வந்த தண்ணீர் பேசினின் குழியில் ஒரு கணம் நின்றது. பிறகு உள்வாங்கத் தொடங்கியது.

தாரணி எங்கள் தெருப் பிள்ளை. வீணாகப் போகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நிற்க எங்கள் தெருவில் பிறந்த எந்தப் பிள்ளையாலும் முடியாது. அவள் ரிப்பனைக் கீழே போட்டுவிட்டு, ஒரே பாய்ச்சலில் கூடத்தைக் கடந்து, இரண்டு கையையும் பேசினுக்குள் விட்டு அதை அள்ளினாள். விரிசல் கல் அவளுக்குப் பின்னால் எங்கேயோ கிடந்தது. அள்ளிய பிறகுதான் ஊற்றுவதற்குப் பாத்திரம் இல்லை என்று தெரிந்தது. எங்கள் குடங்களெல்லாம் பக்கத்தில்தான் இருந்தன. அவள் எங்கள் பக்கம் பார்க்கவில்லை.

"ப்பா, பிடி, பிடி, ஒழுகுது."

கையை ஏந்த வேண்டும் என்றால் ரிமோட்டை வைக்க வேண்டும். வைக்க இடம் தேடாமல் அவர் அதைப் பக்கத்தில் நின்ற பெத்துராஜின் கையில் கொடுத்தார். எங்கள் தலைவர், குளிக்காமல் வந்த தலைவர், பட்டன் விரலுக்கடியில் இருக்க, விபூதித் தட்டைப் பிடிப்பதுபோல அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றார். பிறகு மெதுவாக நடந்துபோய்ச் சண்முகக்கனியிடம் கொடுத்தார். அவள் உள்ளங்கையை நீட்டி வாங்கிக்கொண்டாள்.

தாரணி தன் கையை அப்பாவின் கைக்குள் கவிழ்த்தாள். பாதி தரையில் போனது. மீதி அவர் கையில் நின்றது, அவள் விரல்களும் அங்கேயே நின்றன. அவர் துண்டு தேடவில்லை. குழாய்ப் பக்கம் பார்க்கவில்லை. கேட்கக்கூடாத ஒன்றைக் கேட்பவர்போல, "குளுந்திருக்கா?" என்று கேட்டார்.

"கிச்சுக் கிச்சு மூட்டாதப்பா" என்றாள் அவள்.

தெருமுனையில் தண்ணீர் லாரியின் ஹாரன் கேட்டது. நாங்கள் குடத்தை எடுத்துக்கொண்டு ஓடினோம். அந்த நேரத்தில் அந்த வீட்டிலிருந்து ஓடாமல் நடந்து வெளியேறும் நாகரிகம்கூட எங்களில் யாருக்கும் இல்லை. வாசலில் இரண்டு குடங்கள் மோதி ஒன்று நசுங்கியது, அதற்காக இன்றுவரை இரண்டு வீட்டுக்காரர்கள் பேசிக்கொள்வதில்லை.

வாஷ்பேசினில் அதற்குப் பிறகு எதுவும் வரவில்லை. பெத்துராஜ் பைப்பைக் கழற்றிக்கொண்டு போனார். சிவப்பு எழுத்து மட்டும் சுரண்டச் சுரண்டப் போகவில்லை. ரோஜாச் செடி வைகாசியில் காய்ந்தது. நாங்கள் பழையபடி லாரித் தண்ணீரில் குளிக்கிறோம். குளித்துவிட்டு அந்த வீட்டைத் தாண்டிப் போகும்போது தொண்டைக்குக் கீழே அதே இடத்தில் ஏதோ வந்து உட்கார்ந்துகொள்கிறது. இப்போதெல்லாம் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகும் போவதில்லை. சோப்பு வாசனைதான் இல்லை.